வண்டியும் ஓடமும்

ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். கொழும்பு மாநகரில் வாழும் எமக்கோ அப்பழமொழியைச் சிறிது மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே ஓடமும் கோப்பில் ஏறுகிறது, வண்டியும் கோப்பில் ஏறுகிறது. ஏறியவை இறங்கிவரக் காண்பதுதான் அருமை.

கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையே நேர்கோட்டில் அளந்தால் பத்துக் கிலோமீற்றர் தேறாது. அவ்விரு ஊர்களையும் பிணைத்திருக்கும் உறவோ மிகப் பெரிது. தாய்வீடு கொட்டாஞ்சேனையிலும் புகுந்த வீடு வெள்ளவத்தையிலுமாக வாழும் பெண்மக்கள் எத்தனை பேர்! வீடு ஒரு முனையிலும் கல்லூரி மறுமுனையிலுமாக நாள்தோறும் அலையும் மாணவர் எத்தனை பேர்! மொறட்டுவையிலிருந்து காலி வீதி வழியே வந்து கொட்டாஞ்சேனையைச் சேரும் 102 ஆம் இலக்கப் பஸ் வண்டி இவர்கள் யாவர்க்கும் பொதுவான உறவினர் போன்றது. அதனைக் குறை கூறாத வீடு இல்லை. அது வராவிடிற் கலங்காத வீடும் இல்லை. மாலையில் அதிலேறிய மாணவன் வீட்டு வாசலை மிதிக்கும்போது விளக்கு வைத்து வெகுநேரம் ஆகிவிடுகிறது. படிப்புக்குரிய பொழுது தெருவிலே கரைகிறது. பிள்ளையைக் காணோமே என்று தொடர்மாடியின் பலகணியில் நிற்கும் தாய்க்கு அதே பொழுது வேறு வகையிற் கரைகிறது.

இவ்விடரைப் போக்கப் பஸ்ஸையும் காரையும் விட்டால் வேறு வழியே இல்லையா என்று கேட்டால், பல உண்டு என்றுதான் சொல்ல வேண்டும். நகரின் நடுவே கால்வாய்கள் ஓடுகின்றன. கடற்கரையோரம் புகையிரதப் பாதை கிடக்கிறது. தூண்களின்மேல் ஓடும் இலகு ரயிலுக்குப் படமும் வரைந்து கடனும் பெற்றாயிற்று. துவிச்சக்கர வண்டியென ஒன்று இருப்பதையும் 2022 ஆம் ஆண்டு எமக்கு நினைவூட்டிற்று. இவற்றுக்கென ஒதுக்கப்படும் பொதுப்பணம் எங்கிருந்து வருகிறது, எவர் அதனைக் கண்காணிக்கிறார், தொடங்கிய வேலை எதனால் நின்றது என்னும் கேள்விகளை வீடுகளில் நாம் கேட்பதில்லை. சீனி விலை ஐந்து ரூபா ஏறினாற் கேட்கும் நாம், கோடிக்கணக்கில் ஒரு திட்டம் மறைந்துபோனால் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுத் தேநீர் அருந்தப் போய்விடுகிறோம். ஆகவே இவ்வாரம் அக்கதையைச் சற்று விரித்துரைக்க எண்ணினோம்.

கொழும்பில் மின்சார டிராம் வண்டி 1899 இல் ஓடத் தொடங்கிற்று. கோட்டையிலிருந்து ஒரு பாதை கிராண்ட்பாசுக்கும் மற்றொன்று பொரளைக்கும் சென்றன. அதனை நடத்தியவர் பௌஸ்டெட் சகோதரர் என்னும் ஆங்கிலக் கம்பெனியார். 1929 இல் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் டிராம் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றிற் பெயர்பெற்றது. 1944 இல் மாநகர சபையார் டிராம் சேவையைத் தாமே வாங்கினர். 1953 இல் தண்டவாளமின்றி, மேலே கட்டிய கம்பியிலிருந்து மின்சாரம் பெற்று ஓடும் இரட்டைத்தட்டு ட்ரொலி பஸ் வந்தது. 1960 இல் டிராம் தன் கடைசி ஓட்டத்தை முடித்தது. 1964 இல் ட்ரொலி பஸ்ஸும் நின்றது. ஆக, அந்தப் புதுமை கொழும்பில் வாழ்ந்த காலம் பதினோராண்டு! புகை கக்காத மின்சார பஸ்ஸை நாளைய அதிசயமென்று இன்று நாம் பேசிக்கொண்டிருக்கையில், அது எம் தெருக்களில் ஓடி ஓய்ந்து அறுபது ஆண்டுகளாகிவிட்டன. வகுப்பிலே இதனைக் கூறினால் மாணவர் நம்புவதில்லை. "சேர், பகிடி விடுகிறீர்கள்" என்று சிரிக்கிறார்கள்.

டிராம் ஓடிய அதே காலத்தில் தனியார் பஸ் கம்பெனிகள் வீதிகளிற் போட்டியிட்டுக் கொண்டிருந்தன. அவற்றின் சீர்கேட்டை ஆராய 1948 இல் இரத்தினம் அறிக்கை, 1954 இல் சன்சோனி அறிக்கை, 1956 இல் ஜயரத்ன பெரேரா அறிக்கை என மூன்று அறிக்கைகள் எழுந்தன. எட்டு ஆண்டில் மூன்று அறிக்கை! இவற்றின் பின்னரே 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவை முழுவதும் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றிற்று. அச்சபையைப் பற்றி எவர் என்ன கூறினும், அதன் பிறப்பு ஆராய்ந்து, வாதித்து, எழுத்திற் காரணங்காட்டி நிகழ்ந்த பிறப்பு என்பதை மறுத்தல் இயலாது. இதனை ஏன் வற்புறுத்துகிறோம் என்பது பின்னர் விளங்கும்.

1979 இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. இம்முறை வந்தவை பெருங் கம்பெனிகளல்ல. ஒருவருக்கு ஒரு வண்டி, இரண்டு வண்டி என்ற கணக்கிலே சிறு உரிமையாளர் வந்தனர். இன்றும் பெரும்பாலும் அதுவே நிலை. வண்டிக்காரருக்கும் உரிமையாளருக்கும் உள்ள ஏற்பாட்டை நேயர் பலர் அறிந்திருப்பர். உரிமையாளருக்கு நாள் முடிவில் இன்ன தொகை கொடுக்க வேண்டும். எண்ணெய்ச் செலவு போக மிஞ்சுவது சாரதிக்கும் நடத்துநருக்கும் உரியது. இதனால் விளைவது என்ன? முன்னே செல்லும் வண்டி பயணிகளுக்காகத் தரிப்பிடத்தில் ஆமையாகக் கிடக்கிறது. பின்னே மற்றொரு வண்டி தென்பட்ட மறுகணமே குதிரையாகப் பாய்கிறது. சாரதியை ஏசிப் பயனில்லை. அவருடைய அன்றைய அரிசி அந்த ஓட்டத்தில் இருக்கிறது. சம்பளத்துக்கு ஓடும் வண்டி நேர அட்டவணையைப் பார்க்கும், ஆளெண்ணிக்கைக்கு ஓடும் வண்டி ஆளைப் பார்க்கும்.

இதனைச் சீராக்கும் பொறுப்பு யாருடையது? 1987 இல் வந்த பதின்மூன்றாந் திருத்தத்தின் வழி, மாகாணத்துக்குள் ஓடும் பஸ்களின் அனுமதியும் கண்காணிப்பும் மாகாண சபைக்கு உரியவாயின. மாகாணங்களிடையே ஓடுபவற்றை 1991 ஆம் ஆண்டு 37 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசியப் போக்குவரத்து ஆணைக்குழு மேற்பார்க்கிறது. அரசாங்க பஸ்களோ இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கு உரியவை. தெருவும் அதன் ஓரமும் ஒரு பகுதி மாநகர சபையிடமும் மறுபகுதி வீதி அபிவிருத்தி அதிகாரசபையிடமும் உள்ளன. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வரும் ஒரு பயணி, தாம் அறியாமலே நான்கு அதிகாரங்களின் கீழ்ப் பயணஞ் செய்கிறார். நான்கு தாய்மாமன்மார் உள்ள வீட்டுக் கலியாணம் போலத்தான். பந்தலுக்குக் காசு கொடுப்பவர் யாரென்பது கடைசிவரை தெரியாது.

இதிலும் ஒரு விசேடம். மேல் மாகாண சபையின் பதவிக்காலம் 2019 ஏப்ரிலில் முடிந்தது; அதன்பின் ஆண்டுகள் பல கடந்தும் தேர்தல் நடவாமற் கிடந்தது. கொழும்பு மாநகர சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. திறைசேரியிற் பணமில்லை என்று தேர்தல் பின்தள்ளப்பட்டு, ஈற்றில் 2025 மே மாதம் 6 ஆந் திகதிதான் நடைபெற்றது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, கொட்டாஞ்சேனைத் தெருவிளக்கைப் பற்றியோ வெள்ளவத்தைப் பஸ் தரிப்பிடத்தைப் பற்றியோ கேள்வி கேட்பதற்கு எம்மால் தெரிந்தெடுக்கப்பட்ட ஓர் உறுப்பினர்தானும் நகர மண்டபத்தில் இருக்கவில்லை. உத்தியோகத்தர் கடமையைச் செய்திருப்பர். அதனை நாம் ஐயுறவில்லை. ஆயினும் செலவழிக்கும் கையும் கணக்குப் பார்க்கும் கண்ணும் ஒருவருடையவாகவே இருப்பது எந்த வீட்டுக்கும் நல்லதன்று.

நிற்க. கால்வாய்க்கு வருவோம்.

ஒல்லாந்தர் காலந்தொட்டே கொழும்பில் நீர்வழி இருந்தது. களனி கங்கையிலிருந்து சென் செபஸ்தியன் கால்வாய் வழியாகப் பேரை வாவிக்குப் பண்டமேற்றிய படகுகள் வந்தன. தெற்கே வெள்ளவத்தையிற் கடலோடு கூடும் கால்வாய், கிருலப்பனைப் பக்கமாக உள்நாட்டுக்குச் சென்று பத்தரமுல்லையை அடுத்த நீர்நிலைகளோடு தொடர்பு கொள்கிறது. காலி வீதிப் பாலத்தின்மேல் வாகனங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கையில், கீழே நீர் எவர்க்கும் பயன்படாது சும்மா கிடப்பதை அப்பாலத்தைக் கடக்கும் எவரும் காணலாம். இக்காட்சி திட்டம் வகுப்போர் கண்ணிலும் பட்டிருக்க வேண்டும். 2015 இல் அமைந்த மாநகர மேல்மாகாண அபிவிருத்தி அமைச்சு வகுத்த போக்குவரத்துப் பெருந்திட்டத்தில் மூன்று நீர்வழிகள் குறிக்கப்பட்டன. வெள்ளவத்தையிலிருந்து பத்தரமுல்லைக்கு ஒன்று. கோட்டையிலிருந்து யூனியன் பிளேசுக்கு ஒன்று. மட்டக்குளியிலிருந்து களனி கங்கை வழியே ஹங்வெல்லைக்கு ஒன்று. பாருங்கள், எம் வெள்ளவத்தையார்க்கும் கொட்டாஞ்சேனையின் அண்டை அயலார்க்கும் ஆளுக்கொரு படகு!

இம்மூன்றில் வாவியின் மேல் கோட்டைக்கும் யூனியன் பிளேசுக்கும் இடையிலான படகு 2020 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. மார்ச்சில் பெருந்தொற்று நாட்டை முடக்கிற்று. அப்படகு நகர மக்களின் அன்றாடப் பயணத்தில் நிலைபெறவில்லை. வெள்ளவத்தைப் படகோ நாள்தோறும் அலுவலகத்துக்குப் போகிறவர் ஏறத்தக்க ஒன்றாக வந்து சேரவில்லை. பாலங்கள் தாழ்ந்திருக்கின்றன, நீர்த்தாவரம் மண்டுகிறது, நாற்றம் தாங்கவில்லை என்பர். மெய்தான். ஆனால் இவை மூன்றும் படம் வரையும்போதும் இருந்தவைதாமே! தாழ்ந்த பாலம் ஒரே இரவில் தாழ்ந்துவிடாது. கால்வாய்களுக்குப் பணம் வராமலும் இல்லை. உலக வங்கி 2012 இல் 213 மில்லியன் டொலர் கடனுக்கு இசைந்து, கொழும்பு நகர அபிவிருத்தித் திட்டத்தின்கீழ் வெள்ளத் தடுப்புக்காகக் கால்வாய்கள் திருத்தப்பட்டன. வெள்ளத்துக்காகக் கரை கட்டும்போதே படகுக்கும் வழி விட்டால் இரு செலவு ஒரு செலவாகும் என்பது வீட்டுக்குக் குழாய் இழுக்கும் எவர்க்கும் தெரியும். ஒன்றுக்கு ஒரு திணைக்களம், மற்றதற்கு ஓர் அமைச்சு என்றிருந்தால் அந்தச் சிறு சிக்கனம் யார் கண்ணிற் படும்?

கொச்சி நகரில் என்ன நடந்தது என்பதை மாணவர் அறிந்து வைப்பது நன்று. கேரளத்து அந்நகரைச் சூழ்ந்த தீவு மக்கள் காலங்காலமாகப் பழைய தோணிகளிற் பயணஞ் செய்தவர்கள். கேரள அரசும் கொச்சி மெட்ரோ ரயில் நிறுவனமும் கூடி அமைத்த ஒரு கம்பெனியின் பெயரில், செருமானிய வங்கியின் கடனுதவியோடு, மின்கலத்தில் ஓடும் படகுகள் 2023 ஏப்ரிலில் அங்கே ஓடத் தொடங்கின. 78 படகுகள், 38 துறைகள் என்பது முழுத் திட்டம். முதல் நாளில் இருந்தவை மிகச் சில. ஆயினும் சேவை நின்றுவிடவில்லை. துறைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடி வந்தன. படகு, துறை, பயணச்சீட்டு, பழுதுபார்க்கும் பட்டறை ஆகிய நான்கும் ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தன. பழுதானால் எந்தக் கதவைத் தட்டுவது என்று பயணி தேட வேண்டியதில்லை. கொச்சியின் நீர் எம் நீரினும் அகன்றது, ஆழ்ந்தது, அதனை ஒத்துக்கொள்கிறோம். எனினும் கடன் தந்தவருக்கும் கணக்குக் கேட்பவருக்கும் பதில் சொல்ல ஒரு முகவரி இருந்தமை நீரின் அகலத்தைப் பொறுத்ததன்று.

இனி, எல்லாவற்றிலும் பெரிய கதையான இலகு ரயில். மாலபேயிலிருந்து பத்தரமுல்லை, இராஜகிரிய, பொரளை வழியாகக் கோட்டைக்கு, தூண்களின்மேல், 15.7 கிலோமீற்றர் நீளம், 16 நிலையங்கள். யப்பானிய சர்வதேச ஒத்துழைப்பு முகவர் நிலையம் என்னும் ஜைக்காவோடு 2019 மார்ச்சில் உடன்படிக்கை எழுதப்பட்டது. முதற் கட்டக் கடன் 3,004 கோடி யென். வருட வட்டி 0.1 சதவீதம். நாற்பது ஆண்டில் அடைக்கலாம். அதில் முதற் பன்னிரண்டு ஆண்டு முதலைத் தொட வேண்டியதில்லை. இவ்விலக்கங்களை ஏன் அடுக்குகிறோம் என்றால், அதே 2019 மார்ச்சில் எம் அரசாங்கம் வெளிநாட்டுச் சந்தையில் விற்ற பத்தாண்டுப் பிணைமுறிக்குக் கொடுக்க இசைந்த வட்டி 7.85 சதவீதம். இரு வட்டிகளையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்க்குமாறு கணிதம் படிக்கும் மாணவரை வேண்டுகிறோம். மலிந்த வட்டிக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. இவ்வகைக் கடனில் யப்பானியக் கம்பெனிகளிடமே வேலையையும் பொருளையும் பெருமளவிற் கொள்ள வேண்டும். ஆகவே வட்டியில் மிஞ்சியது விலையிற் போய்விடலாம். அதனையும் கணக்கிற் சேர்த்தே நிறுத்தல் வேண்டும்.

2020 செப்டெம்பரில் இத்திட்டம் நிறுத்தப்பட்டது. எப்படி? ஜனாதிபதியின் செயலாளர் போக்குவரத்து அமைச்சின் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். செலவு மிக அதிகம், கொழும்புக்கு இது தக்க வழியன்று என்பது அதன் சாரம். பிறகுதான் அமைச்சரவை. ஆட்சி மாறினால் கொள்கை மாறலாம். அது குடியாட்சியின் இயல்பு. திட்டம் மிகை விலையுடையது என்னும் வாதத்திலும் உண்மை இருந்திருக்கலாம். ஆனால் நாடாளுமன்றத்தில் விவாதித்து, மாற்றுக் கணக்கு இதோ, செலவு குறைந்த மாற்றுவழி இதோ என்று மக்கள் முன் வைத்துப் பின் நிறுத்தியிருந்தால் எம்போன்றோர்க்கு ஒரு பாடமாவது கிடைத்திருக்கும். 1948 முதல் 1956 வரை மூன்று அறிக்கை எழுதி முடிவு கண்ட நாடு இது. 2020 இல் ஒரு கடிதம் போதுமாயிற்று. நிறுத்திய பின்னும் ஆலோசகருக்குக் கொடுக்க வேண்டியது, செய்து முடித்த ஆரம்ப வேலைகளுக்கு ஆனது என்று செலவு தொடர்ந்தது. ஓடாத ரயிலுக்கும் நாம் சீட்டு வாங்கியிருக்கிறோம்.

'நல்ல வேளை, கடன் மேலும் ஏறாமற் போயிற்று. 2022 ஏப்ரிலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்ப முடியாமல் நின்ற நாட்டுக்கு ரயில் எதற்கு' என்று சிலர் கூறுவர். எம் நண்பர் ஒருவரும், வணிகவியல் ஆசிரியர், இதனையே சொல்கிறார். நாட்டை முட்டவைத்தவை நாற்பதாண்டுத் தவணைக் கடன்களல்ல, முன்னே கண்ட உயர் வட்டிப் பிணைமுறிகளே அதிற் பெரும் பங்கு கொண்டன என்பது எம் கருத்து. இதில் அவர்க்கும் எமக்கும் இணக்கம் இன்னும் ஏற்படவில்லை.

சென்னையை நோக்குக. அங்கும் அதே ஜைக்காவின் கடன். 2008 இல் உடன்படிக்கை. மத்திய அரசும் தமிழ்நாட்டு அரசும் சரிபாதிப் பங்குகொண்ட ஒரு கம்பெனி. 2009 இல் வேலை தொடங்கிற்று. 2011 இல் ஆட்சி மாறிற்று. புதிதாய் வந்த ஜெயலலிதா அம்மையாருக்கு ஒற்றைத் தண்டவாள ரயிலான மோனோ ரயிலிலேதான் நாட்டம். அதனை அறிவிக்கவுஞ் செய்தார். ஆயினும் நடந்துகொண்டிருந்த மெட்ரோ வேலை நிற்கவில்லை. 2015 ஜூன் 29 ஆந் திகதி கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே முதல் வண்டி ஓடியபோது அதனைத் தொடக்கி வைத்தவரும் அவரே. கருணாநிதியின் காலத்திற் போட்ட அத்திவாரத்தில் ஜெயலலிதா கொடியசைத்தார்! அவ்விருவரின் உறவு எத்தகையது என்பதைத் தமிழர் யாவரும் அறிவர். பாதிப் பங்கு மத்திய அரசுடையதாக இருந்தமையும், பணம் ஒரு தனிக் கம்பெனியின் கணக்கில் நின்றமையும் அந்த ரயிலைக் காத்தன என்பதே எம் துணிபு. ஒருவர் கடிதத்தால் நிறுத்தக்கூடிய ஏற்பாடாக அது இருக்கவில்லை.

பெரிய திட்டங்களைப் பேசுகையிற் சிறியவற்றை மறத்தலாகாது. 'சிசு செரிய' என்னும் பள்ளிக்கூடப் பஸ் சேவையை எம் நேயர் பலர் அறிவர். 2005 முதல் நடந்துவருவது. தேசியப் போக்குவரத்து ஆணைக்குழுவின் பொறுப்பிலுள்ளது. கட்டணத்தில் ஒரு பங்கைப் பிள்ளை கொடுக்கும், மிச்சத்தை அரசு கொடுக்கும். எண்ணிக்கையில் ஏறும் வண்டியன்று அது. நேரத்தில் ஏறும் வண்டி. மாணவருக்கான பருவச்சீட்டும் இத்தகையதே. கல்லும் இரும்பும் வேண்டாத இவ்வகை உதவி, ஒரு பெண்பிள்ளை நெரிசலில் இடிபடாது கல்லூரி சேர வழி செய்கிறது. இதற்குத் திறப்பு விழா இல்லை, நாடா வெட்டுதல் இல்லை. ஆகவே போலும், இதற்கான தொகை கூடிற்றா குறைந்ததா என்று பத்திரிகையில் ஒருவரும் எழுதுவதில்லை. எந்த வண்டிக்கும் வாங்கும் செலவு ஒன்று, காக்கும் செலவு ஒன்று என இரண்டு உண்டு. வாங்கும் செலவுக்கு மாலை மரியாதை கிடைக்கிறது. காக்கும் செலவு வருடாவருடம் திறைசேரியின் வாசலிற் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

துவிச்சக்கர வண்டியின் நிலைமை இதிலும் பரிதாபம். 2022 இல் எண்ணெய் இல்லாது வாகனங்கள் வரிசையிற் கிடந்தபோது, கொழும்பிற் கழுத்துப்பட்டி அணிந்த கனவான்களும் வண்டி மிதித்தனர். கடைகளில் அதன் விலை சில மாதங்களுள் இரட்டிப்பிலும் மேலாயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையிற் குடியேறிய பெரியவர்களுக்கு அது புதுமையன்று. பள்ளிக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் அதிலேயே சென்று வளர்ந்தவர்கள். ஆனால் யாழ்ப்பாணத்து ஒழுங்கை வேறு, காலி வீதி வேறு. எண்ணெய் வந்ததும் வண்டிகள் மீண்டும் மாடிப்படிகளின் அடியிற் தூசு படியத் தொடங்கின. அவற்றுக்கெனத் தொடர்ச்சியான ஒரு பாதை, கல்லூரிகளில் நிறுத்த ஒரு கொட்டகை, இவ்வளவுதான் வேண்டுவது. இலகு ரயிலின் ஒரு தூணுக்காகும் பணத்தில் எத்தனை கொட்டகை போடலாம் என்பதை எம்மாற் கூற இயலாது. நிறையப் போடலாம் என்று மட்டும் தோன்றுகிறது.

2025 ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில், கொழும்பின் மூன்று வழித்தடங்களில் நவீன வசதியுள்ள 100 பஸ்களை ஓட்டுவதற்கென 3,000 மில்லியன் ரூபா ஒதுக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. நல்ல செய்தி. அதனைக் கெடுக்கும் எண்ணம் எமக்கில்லை. ஆயினும் சாரதிக்கும் நடத்துநருக்கும் சம்பளமா, அன்றேல் ஆளெண்ணிக்கையா? ஐந்தாம் ஆண்டில் மின்விசிறி, குளிர்சாதனம், மிதிபலகை ஆகியவற்றைப் பழுதுபார்க்கும் பணம் எந்தத் தலைப்பின்கீழ் வரும்? தென்னிலங்கை நோக்கிய வழிகளிற் காட்டும் கருணை கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கத்து ஏழை எளியோரின் வழிகளுக்கும் எப்போது எட்டும்? இவற்றை இன்று கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை.

கேட்க வேண்டிய இடங்கள் இரண்டு உள. ஒன்று, கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை. 2018 ஆம் ஆண்டு 19 ஆம் இலக்கத் தேசியக் கணக்காய்வுச் சட்டத்தின் கீழ் அவ்வறிக்கைகள் நாடாளுமன்றத்துக்குச் செல்கின்றன. மோசடியாலும் அசட்டையாலும் பொதுப்பணத்துக்கு வந்த நட்டத்தை உரியவரிடமே அறவிடும் ஏற்பாடும் அச்சட்டத்தில் உண்டு. அரசாங்கக் கணக்குக் குழுவும் கோப் குழுவும் அவற்றை வைத்து உத்தியோகத்தரை விசாரிக்கின்றன. இக்குழுக்களின் விசாரணையைத் தொலைக்காட்சியிற் பார்ப்பது எமக்கு ஒரு நாடகம் பார்ப்பதினும் சுவையாக இருக்கும். குறை என்னவெனில், இவை யாவும் பிணம் விழுந்த பின் வரும் பரிசோதனை. பணம் போனபின் போன கதையைத் திறம்படச் சொல்கின்றன.

மற்றொன்று, 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். இது சாவுக்கு முன்னும் பயன்படும். பிரசை எவரும் எந்த அரச நிறுவனத்தின் தகவல் உத்தியோகத்தருக்கும் எழுதிக் கேட்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை, காரணங் கூற வேண்டியதில்லை, தமிழிலேயே எழுதலாம். தருவதா மறுப்பதா என்பதைப் பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர் முடிவு செய்து அறிவித்தல் வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. உயர்தர வகுப்பில் அரசறிவியல் படிக்கும் எம் மாணவர் சிலர் இதனைப் பாடமாக எழுதிப் புள்ளி பெற்றவர்கள். ஆனால் ஒருவராயினும் ஒரு கடிதந்தானும் எழுதிப் பார்த்ததில்லை. இத்தவணையில் ஐவர் கூடி ஒன்றை எழுதியிருக்கின்றனர். வெள்ளவத்தை, பத்தரமுல்லைப் படகு வழிக்கென ஆய்வுக்கும் வரைபடத்துக்கும் இதுவரை செலவான தொகை எவ்வளவு, எந்தப் பாலங்களை உயர்த்த வேண்டுமென்று அவ்வாய்வு கூறிற்று, அவ்வறிக்கையின் பிரதியொன்று கிடைக்குமா என்பன கேள்விகள். எழுத்துப்பிழை மூன்று இருந்தது; திருத்திக் கொடுத்தோம். எந்த நிறுவனத்துக்கு அனுப்புவது என்பதிலேதான் அவர்களுக்குள் இரண்டு நாள் வழக்கு நடந்தது. இறுதியில் மூன்று பிரதி எடுத்து மூன்று இடங்களுக்கு அனுப்புவதென்று தீர்மானித்துத் திங்கட்கிழமை தபாலிற் சேர்க்கிறார்கள்.